வாசலில் ஒரு குழி

1979, தை மாதத்து முதல் வாரம். காலை ஏழு மணிக்கும் புல்லின்மேல் உறைபனி உப்பாய்க் கிடந்தது.

கேத்தி மலைச் சரிவில் விறகுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்தாள் வீரம்மா. வளைவில் எதிரே வந்தவன் தோளில் நீளமான இரும்புக் குழாய். குழாய் விறகுக்கட்டில் மோதியது. விறகு சிதறியது.

“மன்னிச்சுக்குங்க…” என்று குனிந்து பொறுக்கியவன், “காட்டு விறகுங்களா?” என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

“கவாத்து வெட்டின தேயிலை மாறு. தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டு வாங்கினது. களவு இல்ல.”

அவன் பார்வை தாழ்ந்தது. கண்ணா அது… ஈரக் கருப்பு. ‘பாவம்’ என்று ஒரு கணம் நினைத்தவள், உடனே அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டாள்.

வீரம்மாவின் குடும்பமும் சிலோனிலிருந்து கப்பலில் வந்த மற்றக் குடும்பங்களும் அந்தச் சரிவுக் காலனியில் இருந்தன. காட்டை அவர்கள்தான் தின்றுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. விறகோடு வரும் பெண்களை வனத்துறை வாட்சர் வழியில் நிறுத்துவான். கட்டை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பான். யாரும் அவிழ்த்துப் பார்க்க முடியாத ஓர் அடுப்பு வேண்டும். வீரம்மாவுக்கு அது மட்டும் போதும்.

அதற்காகத்தான் அவள் அப்பா அய்யாவு இரண்டு மாடுகளை நம்பி, சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கும் கோபர் கேஸ் கேட்டிருந்தார். அதைக் கட்ட வந்தவன்தான் அந்தக் குழாய்க்காரன். பேர் பொன்ராஜ், ஊர் வெலிங்டன்.

முன்வாசலில் அவன் குழிக்கு அளந்து முளை அடித்தான். வீரம்மா வெளியே வந்தாள்.

“கோலம் போடுற எடத்துல சாணிக்குழியா? கப்பல்ல வந்தவங்களுக்கு வாசல்கூட வேணாமா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளைப் பார்த்தான். முளையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மர நிழலுக்குப் போனான். ஜெயித்துவிட்ட சிரிப்பை அவள் முந்தானைக்குள் மறைத்தாள்.

குழி தயாரானது. சாணத்தைக் கரைத்து ஊற்றினார்கள். மேலே கவிழ்த்த இரும்பு டிரம், வாயு சேர்ந்தால் தானாக மிதந்து ஏற வேண்டும். மாசி வந்தது. ஏறவில்லை. பக்கத்து வீட்டு ஆயம்மாள் தினமும் எட்டிப் பார்த்தாள்.

“தைப்பொங்கல் போயிருச்சு. உங்க சாணிப்பொங்கல் எப்பம்மா பொங்கும்?”

வீரம்மா மறுபடி விறகுக்குப் போனாள். வாட்சர் கட்டை அவிழ்த்தான்.

அன்று மாலை பொன்ராஜ் வந்து, பிசகு தன்னுடையது என்று அய்யாவுவிடம் சொன்னான். குளிரில் சாணம் புளிக்காது, குழிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், முன்வாசலில் தானே திரும்பத் தோண்டித் தருவதாகச் சொன்னான். கதவோரம் நின்றவள் வெளியே வந்தாள்.

“மொதல்லயே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன்… நீங்க பாத்தீங்க. வாய் வரலீங்க.”

அவளுக்குக் கன்னம் சுட்டது. கோபமா, வேறு ஏதாவதா… தெரியவில்லை. மறுநாள் அவன் வருமுன்பே கடப்பாரையை எடுத்து, கோலத்தின் நடுவிலேயே முதல் குத்துக் குத்தினாள். ஆயம்மாள் வேலியோரம் வந்ததும், பின்னால் வெட்டச் சொன்னது தான்தான், தப்பும் தன்னுடையதுதான் என்று காலனிக்கே கேட்கும் குரலில் சொன்னாள். தலை குனியவில்லை.

பங்குனி வெயிலில் டிரம் எழும்பியது. ஒரு சாண், பிறகு ஒரு முழம்… அடுப்பில் நீலச்சுடர், புகையே இல்லாமல். வீரம்மா காலனி மொத்தத்துக்கும் தேத்தண்ணி வைத்தாள். முதல் டம்ளர் ஆயம்மாளுக்கு.

எல்லாரும் போனபின் பொன்ராஜ் சாமான்களைக் கட்டினான். அடுத்த வேலை தூரத்தில், நாடுகாணிப் பக்கம் என்றான். கட்டிய கயிற்றை அவிழ்த்தான். திரும்பக் கட்டினான்.

“வாய் வராம நின்னது இன்னொண்ணும் இருக்குதுங்க… எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க. அன்னிக்குச் சரிவுலயே.”

அவள் அடுப்பைத் தணித்தாள். திரும்பி, அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அப்பாகிட்ட நீங்க கேக்குறீங்களா, நான் சொல்லட்டா?”