ஓட்டை விழாத டிக்கெட்

புதன், மாலை 4.05.

வீட்டுக்காரம்மா கடைப்பையைக் கீழே வைத்தார். வரவேற்பு மேசையைப் பார்த்தார். வைத்த பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார், தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போல.

மேசைமேல் கண்ணாடி மூடி அப்படியே இருந்தது. அதற்குள் நீல வெல்வெட் மெத்தை. மெத்தையில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் கிடக்க வேண்டிய பாக்கெட் கடிகாரம் மட்டும் இல்லை.

அது அவருடைய கணவர் ரயில் எஞ்சின் ஓட்டிய காலத்துக் கடிகாரம். விற்கப் போனால் பெரிதாகத் தேறாது. ஆனால் கணவர் போன நாளிலிருந்து, காலையில் அதற்குச் சாவி கொடுத்த பிறகுதான் அவர் அடுப்பைப் பற்றவைப்பார்.

மாலை 4.20. கூடத்தில் எல்லோரையும் நிறுத்தினார். எல்லோரும் என்றால், அந்த வாரம் அந்தச் சின்ன விடுதியில் தங்கியிருந்த ஒரே குடும்பம். ஊர் சுற்றிப் பார்க்க அன்று காலைதான் வந்து இறங்கிய அப்பா, அம்மா, அக்கா, சின்னவள். அப்புறம், அறைகளைத் துடைக்க வரும் பெண். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஓரமாக நின்றாள்.

"நான் ஒன்றரைக்குக் கடைக்குப் போனேன். இப்பதான் வர்றேன். நடுவுல யார் கீழே வந்தது?"

"நாங்க தூங்கிட்டோம்," என்றாள் அக்கா. "ராத்திரி முழுக்கப் பயணம். கட்டையைச் சாய்ச்சதுதான் தெரியும்."

"நீ?"

"மாடியில துடைச்சிட்டு இருந்தேம்மா. அப்புறம் பின்னாடி துணி பிழிஞ்சேன்."

"கூடத்துக்கு வரவே இல்லையா?"

"வாளி எடுக்க ஒரு தடவை வந்தேன்."

"அப்ப வாட்ச் இருந்துச்சா?"

"பார்க்கலம்மா. தினம் இருக்கிற பொருளை யாரு உத்துப் பார்க்கிறா?"

வீட்டுக்காரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'கறார்' என்றால் தெரியும். டிக்கெட் இல்லாமல் வந்த சொந்தத் தம்பியையே நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட்ட கறார். அந்தச் சித்தப்பா இன்றைக்கும் வீட்டுப் படி ஏறுவதில்லை.

அவர் வாய் திறப்பதற்குள் சின்னவள் பேசிவிட்டாள்.

"அப்பா எங்ககூட ரூம்லதான் இருந்தாரு. வெளியவே போகல. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை வெளியாட்களிடம் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் சின்னவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அப்படிப்பட்டவள் சொல்கிறாள் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்காரம்மாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

"நீ கிளம்பு," என்றார் வீட்டுக்காரம்மா. "ஒன்பது வருஷப் பழக்கம். அதனால ஞாயிறு வரைக்கும் பொறுக்கிறேன். வாட்ச் தானா திரும்பி வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரலன்னா போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் இந்தத் தெருவுல உனக்கு எந்த வீட்டுலயும் வேலை இருக்காது."

அந்தப் பெண் அழவில்லை. சின்னவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

மாலை 5.00. போன பொருளுக்காக வந்த ஊரைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று அக்கா எல்லோரையும் கிளப்பினாள். நான்கு பேர் கழுத்திலும் நாடாவில் ஒரு அட்டை தொங்கியது. டிராம், பஸ், படகு, எதில் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். அன்று காலை ஸ்டேஷன் கவுன்டரில் அக்காவும் சின்னவளும் வாங்கிய பாஸ். "முதல் தடவை மிஷின்ல தொட்ட நேரத்துலேருந்து மூணு நாள்," என்று கவுன்டர் பெண் சொன்னாள். அப்பா அப்போது தூரத்தில் பெட்டிகளுக்குக் காவல் நின்றார். பெட்டி அதிகம் என்று விடுதிக்கு டாக்ஸியில்தான் வந்தார்கள்.

டாக்ஸியில் வரும்போதே அப்பா அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பஞ்ச் பண்ணி ஓட்டை விழாத டிக்கெட்டை இப்பதான் பார்க்கிறேன். எங்க ஏறினான், எப்ப ஏறினான், ஒரு தடயம் கிடையாது. எங்க காலத்துல இது இருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது."

டிராமின் வாசலில் மிஷின் இருந்தது. சின்னவள் அட்டையைத் தொட்டாள். இரண்டு தரம் கீச் கீச் என்றது. அம்மாவுக்கும் இரண்டு. அக்காவுக்கும் இரண்டு. அப்பா தொட்டார். ஒரே ஒரு கீச்.

"பார்த்தீங்களா, பெரியவருக்கு மரியாதையைப் பாதியா குறைச்சுட்டான்," என்று அக்கா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது என்னங்க?" என்றாள் அம்மா.

"பெட்டி ஜிப் கீறிடுச்சு."

திரும்பி வந்ததும் சின்னவள்தான் பிளாஸ்திரியை மாற்றினாள். மெல்லிய, நேரான, ஆழமான வெட்டு. ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. ஜிப் கீறினால் தோல் கிழிந்து பிசிறும். இது அவளுக்குப் பழக்கமான வெட்டு. பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடு உடைந்தால் விரலில் இப்படித்தான் விழும். ஜிப்பில் ஏதாவது கூர் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா சொன்னால் அது ஜிப்தான்.

வியாழக்கிழமை ஏறாத வண்டி இல்லை. காசா பணமா என்று அம்மாகூட இறங்கிய டிராமிலேயே மறுபடி ஏறினாள். அன்று எல்லோருக்கும் ஒற்றைச் சத்தம்தான். மத்தியானம், பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அப்பா எழுந்தார். "நீங்க இருங்க. நான் சும்மா ரெண்டு வண்டி ஏறிட்டு வர்றேன்." ஒரு மணி நேரம் கழித்து வந்தார். வெள்ளிக்கிழமையும் அதேபோல் போனார்.

"பாஸைத் தேய்ச்சே கரைச்சிடுவாரு உங்கப்பா," என்றாள் அம்மா.

வெள்ளி, மாலை 6.10. சின்னவள் துவைத்த துணியை எடுக்கப் பின்வாசலுக்குப் போனாள். அங்கே அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் அவளுடைய பழைய செருப்பு. விட்டுப் போனதை எடுக்க வந்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

சின்னவள் தலையசைத்தாள்.

"நான் எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"உங்கப்பா ரூம்ல இருந்ததைப் பார்த்தீங்களா? நான் மாடியைத் துடைக்கும்போது உங்க ரூம் கதவு லேசா திறந்து இருந்துச்சு. நீங்க சுவத்துப் பக்கம் திரும்பித் தூங்கிட்டு இருந்தீங்க. மத்தவங்களை நான் எட்டிப் பார்க்கல. அது என் வேலை இல்ல."

அந்தப் பெண் செருப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

சின்னவளின் முகம் சுட்டது. பரிசோதனைக் கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கண்ணால் பார்க்காததை எழுதாதே. மூன்று மணி நேரம் குறட்டை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அப்பா வேறெங்கே போயிருப்பார் என்ற நம்பிக்கையில் சொன்னாள். அந்த நம்பிக்கைக்கு ஒருத்தியின் வேலை போயிருக்கிறது.

சனி, பிற்பகல் 3.30. கடைசி நாள். மறுநாள் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். அருங்காட்சியகம் போகும் டிராமில் ஏறினார்கள். சின்னவள் தொட்டாள், பச்சை. அம்மா, பச்சை. அக்கா, பச்சை. அப்பா தொட்டார். நீளமாக ஒரு அலறல், சிவப்பு விளக்கு.

"மறுபடி வைங்கப்பா," என்றாள் அக்கா. மறுபடியும் சிவப்பு. "இதென்ன அநியாயம்? அஞ்சு மணி வரைக்கும் இருக்கே. வாங்க, கவுன்டர்ல போய்க் கேப்போம்."

"விடும்மா," என்றார் அப்பா. "நான் டிக்கெட் வாங்கிக்கிறேன்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அரை டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்டு ஆறு மாதம் கடிதம் எழுதியவர் அவர். தன் பக்கம் நியாயம் இருந்தால் கடவுளையே வரிசையில் நிற்க வைப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டு மிஷினில் காசு போட்டார்.

சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே எதையும் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் அம்மாவும் அக்காவும் உள்ளே போனார்கள். அவள் அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். அவள் குரல் எப்போதும்போல் தணிந்தே இருந்தது.

"அப்பா, உங்க பாஸ் மிஷின் தப்பால நிக்கல. நேரம் முடிஞ்சுதான் நின்னுச்சு."

"எல்லாரும் ஒண்ணாதானே ஆரம்பிச்சோம்?"

"இல்ல. முதல் தடவை தொட்டா ரெண்டு சத்தம் வரும். அப்புறம் எப்பவும் ஒண்ணுதான். புதன்கிழமை அஞ்சு மணிக்கு எங்க மூணு பேருக்கும் ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு. அப்பவே அது உங்களுக்கு முதல் தடவை இல்ல. அதுக்கு முன்னாடி எங்கேயோ ஏறியிருக்கீங்க. நாங்க தூங்கினப்போ."

அப்பா கழுத்து அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"விரல்ல இருக்கிறது கண்ணாடி வெட்டு. ஆனா மேசை மேல இருந்த மூடி உடையல. அப்ப உடைஞ்சது கடிகாரத்துக் கண்ணாடி. திருடினவரா இருந்தா தினம் ஒரு மணி நேரம் காணாமப் போக மாட்டாரு. ரிப்பேருக்குக் கொடுத்தவருதான் ஆச்சா ஆச்சான்னு போய்ப் பார்ப்பாரு. எந்தக் கடைப்பா?"

அப்பா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார். "காலையில டாக்ஸியில வர்றப்போ பார்த்த கடை. டிராம்ல நாலு ஸ்டாப்."

"ஏம்ப்பா தொட்டீங்க?"

"ரயில்வே வாட்ச்மா. கையில வெச்சுப் பார்க்கணும்னு இருந்துச்சு. வழுக்கிடுச்சு. சத்தம் போடாம சரிபண்ணி வெச்சிடலாம்னு ஓடினேன். இந்தப் பாஸ்லதான் ஓட்டை விழாதே, யாருக்குத் தெரியும்னு நினைச்சேன். திரும்பி வந்து படுக்கிறதுக்குள்ள, அந்தம்மா எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க." கட்டைவிரல் பிளாஸ்திரியைத் தடவினார். "சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கிட்டே. உன் வார்த்தை வசதியா இருந்துச்சு. அதுக்குள்ள ஒண்டிக்கிட்டேன்."

"மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"புதன்கிழமை சொல்லியிருந்தா நான் உடைச்சவன். வியாழக்கிழமை சொன்னா திருடன். முப்பது வருஷம் எத்தனை பேரை நாலு பேர் முன்னால நிக்க வெச்சுக் கேட்டிருக்கேன். எனக்கு நிக்கத் தெரியலம்மா."

"இன்னிக்கு வாங்கி, என்ன பண்றதா இருந்தீங்க?"

"மூடிக்குள்ள வெச்சுட்டுக் காலையில கிளம்பிடலாம்னு."

"அப்ப அந்தத் துடைக்க வர்ற அக்காதான் பயந்துபோய்த் திருப்பி வெச்சாங்கன்னு ஆகியிருக்கும்."

"அதையும் நினைச்சேன்," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் அன்னிக்கு உங்களைப் பார்க்கவே இல்லப்பா. தூங்கிட்டேன்," என்றாள்.

மாலை 5.15. வரவேற்பு மேசைமேல் அப்பா, கடையிலிருந்து வாங்கி வந்த கடிகாரத்தை வைத்தார். புதுக் கண்ணாடி, ஓடும் முள். நின்றபடியே, ஒன்றையும் விடாமல் சொன்னார். அருங்காட்சியகத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய அக்காவும் அம்மாவும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரம்மா கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க சார்," என்றார் கடைசியில். "நான் அவகிட்ட என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்களே போய்ச் சொல்லுங்க. திங்கக்கிழமைலேருந்து வேலைக்கு வரச் சொல்லுங்க. டிராம் நிக்கிற கடைசி இடம். தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு."

அப்பாவும் சின்னவளும் மட்டும் போனார்கள். ஐந்து மணி தாண்டியிருந்தது, அவளுடைய பாஸும் செத்துவிட்டது. மிஷினில் இரண்டு டிக்கெட் எடுத்தார்கள்.

அந்தப் பெண் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அப்பா சொல்லி முடிக்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு வந்த கெட்ட பேரு என்னாலதான்மா. திங்கக்கிழமைலேருந்து வரச் சொன்னாங்க," என்றார் அப்பா.

"வருவேன். வேலை வேணுமே," என்றாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். "உங்கப்பாவைக் காட்டிக் கொடுக்கணும்னு நான் அன்னிக்கு நினைக்கல. தூங்கிட்டேன்னு மட்டும் நீங்க சொல்லியிருந்தா போதும்."

சின்னவள் மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது அது வரவில்லை. "தூங்கிட்டேன்க்கா," என்றாள்.

"ம்," என்றாள் அந்தப் பெண். குழாயைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வந்த டிராமில் கூட்டமில்லை. அப்பா உட்காரவில்லை. டிக்கெட்டை விரல்களுக்கிடையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கதவருகிலேயே நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்தபோது, ஏறுகிறவர்களில் பரிசோதகர் இருக்கிறாரா என்று பார்த்தார். இறங்கும்வரை யாரும் வந்து கேட்கவில்லை.