நான்காம் தொட்டியின் சாட்சி

டன்லப் தெரு மாடிக் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுமந்து வந்தவர் இயேசுதாசன். விடாப்பிடியாகச் சுமக்க வைத்தவள் பிரிஜட். கணவனைப் பறிகொடுத்து அவளுக்கு மூன்றே நாள் ஆகியிருந்தது. 1987 மார்ச், சனிக்கிழமை காலை.

"பாய், இதை எப்படியாவது உயிர்ப்பிச்சுக் குடுங்க," என்றாள்.

கடைக்காரர் அப்துல் கையூம் போலீசில் இருபது வருடம் ரேடியோ பழுது பார்த்தவர். ஒரு பொருள் எப்படிக் கெட்டது என்பதோடு நிற்காமல், யார் கெடுத்தது என்றும் துருவுகிற பொல்லாத பழக்கம் அவருக்கு. கூட்டாளி பரமசிவமோ, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுகிற ஆள்.

பிரிஜட் அழாமல் சொன்னாள். அவள் கணவன் ஆம்ப்ரோஸ் கப்பல் பட்டறையில் பாதுகாப்புச் சோதகர். புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் வெல்டிங் வைத்தபோது வெடித்தது. இரண்டு தொழிலாளிகளும் ஆம்ப்ரோசும் போய்விட்டார்கள்.

"உள்ள வெடிக்கிற வாயு இருக்கான்னு பாக்காமலே அவர் ஆளுங்களை அனுப்பிட்டாராம். எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. செத்தவங்க வீட்டுக்குப் போனேன், ஒரு அம்மா என் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துச்சு. திங்கக்கிழமை விசாரணை. அவர் எதையும் முதல்ல இந்த ஆபீஸ் மிஷின்ல அடிச்சு வச்சுட்டுத்தான் மறுவேலை பாப்பாரு, பாய்."

பக்கத்தில் நின்ற இயேசுதாசனைக் காட்டினாள். "இவர் அவரோட மேலதிகாரி. என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். புதன்கிழமை நான் அவர் உடம்புக்காக ஆஸ்பத்திரியில காத்துக் கிடந்தப்ப, சாயங்காலப் பூசைக்குப் போய் அவருக்காக வேண்டிக்கிட்டதும் இந்த அண்ணன்தான். அன்னைக்குத் திருநீற்றுப் புதன். நெத்தியில சாம்பல் வாங்கக்கூட அவருக்குக் குடுத்து வைக்கலை."

"எங்க ஆபீசுல சர்ச்சுக்குப் போறவங்க நாங்க ரெண்டே பேர்," என்று இயேசுதாசன் தலை குனிந்தார். "ஆனா இது வேஸ்ட் ஆஃப் டைம் லா, பாய். மிஷின் செத்துப்போச்சு."

"எப்பலேருந்து?"

"புதன் மத்தியானம். ஆம்ப்ரோஸ்தான் மூடியைத் திறந்து என்னமோ நோண்டினான், அதோட போச்சு. உடனே என் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். அப்புறம் யாரும் தொடலை."

கையூம் சுவிட்சைப் போட்டார். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருட்டு. வேறு திரையை மாட்டினார். இருட்டு. டிஸ்ப்ளே கார்டை மாற்றினார். அதே இருட்டு.

"மதர்போர்டே அவுட், பாய்!" என்றார் பரமசிவம். "தூக்கிக் குப்பையில போடுங்க."

"நானும் அதைத்தானே சொன்னேன்," என்று இயேசுதாசன் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க. கார்டு கெட்டா இது பீப்னு கத்தும். இது மூச்சே விடலை. அப்ப மெமரியோட முதல் வரிசையில கோளாறு."

கையூம் மெமரி சிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினார். மூன்றாவது சிப்பின் கால் ஒன்று வயிற்றுக்கடியில் மடிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். அது இருந்த இடத்தில் கொஞ்சம் தூள். ஒரு வெள்ளைத்தாளில் தட்டினார்.

"சிகரெட் சாம்பல்!" என்றார் பரமசிவம்.

"இதுல புகையிலை வாடையே இல்லையே. பரமு, உங்க நெத்தியிலேருந்து ஒரு சிட்டிகை குடுங்க."

இரண்டையும் அருகருகே வைத்தார். பரமசிவத்தின் விபூதி வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றது கறுப்பு, அதில் கருகிய ஓலை நார் ஒன்று ஒட்டியிருந்தது.

பிரிஜட் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது குருத்தோலைச் சாம்பல். போன வருஷத்துக் குருத்தோலையை எரிச்சுத்தான் திருநீற்றுப் புதனுக்குப் பூசுவாங்க."

கையூம் குரலை உயர்த்தவே இல்லை. "இது சிப்புக்கு அடியில கிடந்துச்சு. அப்ப சிப்பைக் கழட்டின நேரத்துலதான் விழுந்திருக்கு. குனிஞ்ச ஆளோட நெத்தியிலேருந்து உதிர்ந்திருக்கு. ஆம்ப்ரோஸ் சாம்பல் வாங்காமலே செத்துட்டார். உங்க ஆபீசுல சாம்பல் வாங்கினவர் நீங்க ஒருத்தர்தான். பூசை சாயங்காலம், மிஷினோ மத்தியானத்துலேருந்து உங்க ரூம்ல, யாரும் தொடலைன்னு நீங்களே சொன்னீங்க."

இயேசுதாசனின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போனது.

கையூம் சிப்பின் காலை நிமிர்த்தி, திரும்பப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப்; திரையில் பச்சை எழுத்துகள். கோப்பைத் தேடித் திறந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்தார்.

"புதன், ஒண்ணு இருபது. நான்காம் தொட்டியில் வாயு இருக்கிறது. வெல்டிங் கூடாது. ஒண்ணு நாப்பது. நாளைக்குக் கப்பல் புறப்படணும், வேலையைத் தொடங்கு என்கிறார் இயேசுதாசன். மறுத்தேன். ஒண்ணு அம்பது. எனக்குத் தெரியாமல் ஆட்களை இறக்கிவிட்டார். வெளியே கூட்டிவரப் போகிறேன்."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"சிப்போட ஒரு கால் மடிஞ்சாலே மிஷின் செத்துடும்னு எனக்கு ஆம்ப்ரோஸ்தான் எப்பவோ சொல்லிக் குடுத்தான்," என்றார் இயேசுதாசன். "எழுதினதை அழிச்சா, அன்னைக்கு உள்ளது மட்டும் எங்கேன்னு கேப்பாங்க. பழைய மிஷின் செத்துட்டா எவன் கேக்கப் போறான்னு நினைச்சேன். ஆபீசுல நாலு பேர் முன்னால நீ வந்து கேப்பேன்னு நினைக்கலை, பிரிஜட். என்னை மன்னிச்சிடும்மா."

பிரிஜட் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பாவி மனுஷன், வெளியே கூட்டிவரத்தான் போயிருக்கிறான்!

"பாய், இதைத் தாள்ல அடிக்க முடியுமா?"

"முடியும்மா. விசாரணைக்கு ஒரு காப்பி போதும்."

"மூணு போடுங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே கொண்டு போறேன்."