பச்சைக்குக் கை வைத்தவர்கள்

ஓசூர் ஆலைச் சாலையிலுள்ள இந்த மழலையகத்தின் வாசலுக்கு வந்து நில்லுங்கள். மூன்று வயது நன்மாறனின் வலக்கை வெந்து போனதற்கு யார் பொறுப்பு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

வாசலில் எரிவது உரிமவிளக்கு. ஆண்டுக்கொரு முறை வந்து, தேநீர் அருந்தி, கையெழுத்திட்டுச் சென்ற அதிகாரிகளை ஒழித்து, உரிமம் வழங்கும் அதிகாரத்தைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது புதிய சட்டம். நாள்தோறும் காலையில் அவர்கள் உள்ளே சென்று, போதிய ஆயாக்கள் உண்டா, தாழ்ப்பாள்கள் விழுகின்றனவா, சமையலறைத் தடுப்பு உறுதியா என்று கண்டபின் உள்ளறைச் சான்றுத்தகட்டில் கை பதிக்க வேண்டும். எல்லோரும் பதித்தால் பச்சை. ஒரே ஒருவர் மறுப்புப் பொத்தானை அழுத்தினாலும் சிவப்பு. அன்று மழலையகம் இயங்காது.

அந்த அதிகாரத்தைப் பெற்றோராகிய நாங்கள் என்ன செய்தோம்? வேலைக்கு நேரமாகிறதென்று மனுக் கொடுத்து, தகட்டை வெளிக்கதவுக்கு மாற்றினோம். மனுவில் முதல் கையெழுத்து நன்மாறனின் தாய் தாமரைச்செல்வியுடையது. அதன்பின் அவள் வண்டியை விட்டு இறங்காமலே கை பதித்தாள்.

சென்ற வாரம் செபாஸ்தியன் என்னும் தந்தை மட்டும் உள்ளே போய்ப் பார்த்துத் திரும்பினார்.

"சமையக்கட்டுத் தடுப்பு கழண்டு கெடக்கு. நான் கை வெக்க மாட்டேன்."

தாமரைச்செல்விதான் முதலில் வாய் திறந்தாள். "சார், உங்க வீட்ல பாத்துக்க ஆள் இருக்கும். எங்களுக்கு லீவு யாரு குடுப்பா? வெச்சுட்டுப் போங்க."

பின்னால் ஒருவர் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா."

செபாஸ்தியன் தலை குனிந்து கை வைத்தார். பச்சை எரிந்தது.

மறுநாள் நன்மாறன் அந்தத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு போய்க் கஞ்சிப் பானையை இழுத்தான்.

மருத்துவமனையில் கட்டுப்போட்ட மகனருகே அமர்ந்து, "வெளக்கு பச்சையாத்தானே இருந்துச்சு" என்றாள் தாமரைச்செல்வி கணவனிடம். அந்தப் பச்சையில் தன் உள்ளங்கையும் இருந்தது அவளுக்குத் தெரியும்.

இன்று காலை மகனை வீட்டில் விட்டு அவள் மட்டும் வந்தாள். உள்ளே சென்றாள். தடுப்பை வெறும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வெளியே வந்து மறுப்பை அழுத்தினாள். விளக்கு சிவந்தது.

வரிசையிலிருந்த ஒரு பெண் சலித்துக்கொண்டாள். "மேடம், உங்க பையன் வீட்லதானே இருக்கான். எங்களுக்கு லீவு யாரு குடுப்பா?"

அது தாமரைச்செல்வியே சொன்ன சொல். செபாஸ்தியன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

அந்த வரிசையில் நிற்பவர்களே, வண்டியை அணையுங்கள். தகட்டைப் பெயர்த்து மீண்டும் உள்ளறையில் பதியுங்கள். உங்கள் குழந்தை அந்தக் கதவுக்குள் நுழையுமுன் நீங்கள் நுழையுங்கள்.