துணைவளையின் ஊர்ப்பேச்சு

குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு யாழிசை பாயில் சாயும்போதெல்லாம், அவள் மணிக்கட்டில் இருந்த வளையல் பேச்சுக் கொடுக்கும். "நலமாக இருக்கிறீர்களா? நேற்றும் நீங்கள் சரியாக உறங்கவில்லை."

கமுதிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் இதில் வியப்பேதும் இல்லை. வளைகாப்பு நாளில் கண்ணாடி வளையல்களோடு தாய்நலத் திட்டத்தின் சாம்பல் நிறத் துணைவளையையும் பூட்டுவது வழக்கமாகியிருந்தது. கண்ணாடி உடைந்துபோகும். துணைவளையோ குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை கழலாது. நாடியையும் தூக்கத்தையும் குரலின் நடுக்கத்தையும் அளந்து, தாயின் மனம் எங்கே தொய்கிறது என்று அது கண்டுகொள்ளும். கொஞ்சம் பேசும், நிறையக் கேட்கும்.

களையெடுக்கவும் சமைக்கவும் இயந்திரன்கள் வந்துவிட்டன. யாழிசையின் அசதியை வாங்கிக்கொள்ள மட்டும் எதுவும் வரவில்லை. கணவன் தமிழ்க்குமரன் நடுக்கடல் காற்றாலையில் வேலையில் இருந்தான். மாமியார் நாகஜோதி நல்லவள்தான். இயந்திரனை நம்பாமல் பத்தியக் குழம்பைத் தன் கையாலேயே வைத்தாள். ஆனாலும் அவளிடம் சொல்ல முடியாத ஒன்று யாழிசையின் மனதில் கிடந்தது. அதைச் சிறிது சிறிதாகத் துணைவளையிடம்தான் இறக்கிவந்தாள். அதன் தமிழ் அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும். ஆனால் அவள் அழும்போது அது குறுக்கே பேசாது.

தலைநகரத்தில் இருந்து திட்டத்தை நடத்தியவர்களுக்கு அந்தத் தமிழ்தான் உறுத்தியது. கிராமத்துத் தாய்மார்களுக்கு அது ஒட்டாது என்று எண்ணி, ஒவ்வொரு வட்டாரத்திலும் பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் எப்படி ஆறுதல் சொல்கிறார்கள் என்பதை வளைகளுக்குக் கற்பித்தார்கள். ஒரு நாள் காலையில் அந்த ஊர்ப்பேச்சு யாழிசையின் வளையிலும் வந்து இறங்கியது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மதியம் குழந்தை அழுது ஓய்ந்தபின், அவள் வளையை வாயருகே கொண்டுபோனாள்.

"இவனைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கு. எங்கயாச்சும் போயிரலாமான்னு வருது."

"என்னத்தா பேச்சு இது," என்றது வளை, நடுவயதுப் பெண்ணின் குரலில். "சமைக்க மிஷினு, தொவைக்க மிஷினு, உனக்கு என்ன கொறை? நாங்கள்லாம் பெத்து வளக்கலையா? வெளிய சொல்லிறாத, ஊரு சிரிக்கும்."

யாழிசை கையை மெல்லக் கீழே இறக்கினாள். குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்த நாகஜோதியின் காதில் வளை பேசியது மட்டும் விழுந்திருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"பச்ச ஒடம்புக்காரிகிட்டப் பேசுற பேச்சா இது? ஈவு எரக்கமே இல்லையே."

கிண்ணத்தை வைத்த கையோடு குறைகேட்பு நிலையத்தை அழைத்துப் பொரிந்து தள்ளினாள். அங்கிருந்த இயந்திரக்குரல் வளையைச் சோதித்துவிட்டுப் பணிவாகச் சொன்னது: "கோளாறு ஏதும் இல்லை, அம்மா. உங்கள் ஊர்ப் பெண்கள் தம் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் சொல்பவைதான் இவை. அதிகம் கேட்டதையே வளை கற்றுக்கொண்டது."

நாகஜோதி மருமகள் பக்கம் திரும்பினாள். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"நம்ம ஊருல யாருத்தா இப்படிப் பேசுறா?"

யாழிசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை மறுபடியும் சிணுங்கத் தொடங்கியது.

"சரி விடு, இதையெல்லாம் மனசுல போட்டுக்காத," என்றாள் நாகஜோதி பரிவோடு. "பிள்ளை பெத்தா அசதி எல்லாருக்கும் வர்றதுதான். எந்திரி, பிள்ளை அழுகுது பாரு."