எறும்புச் சாட்சி

முத்துவாப்பாவின் பெயரை எறும்புகள் சொல்லிவிட்டன என்று கேள்விப்பட்டதிலிருந்து வடமிதவூர் அமீர் சதக்கு லெப்பைக்குச் சோறு இறங்கவில்லை.

முத்துவாப்பா தென்மிதவூரின் அமீர், அதாவது ஊர்த்தலைவர். சதக்கின் மனைவி செய்யிதம்மாளுக்குக் கூடப்பிறந்த காக்கா, மூத்த அண்ணன். கரையைக் கடல் விழுங்கியபின் மன்னார் வளைகுடாவில் ஏழு ஊர்கள் மண்ணோடும் மரத்தோடும் எறும்போடும் மிதந்துகொண்டிருந்தன. எறும்பு வாயால் பேசாது, வாடையால் பேசும். ஆளையும் வாடையால்தான் அறியும். அந்த வாடையை முகர்ந்து, ஆளின் பெயரோடு தமிழில் சொல்லும் கருவிக்கு முகர்பெயர்ப்பி என்று பெயர். தென்மிதவூரில் அது சொன்னது இதுதான்:

"பிள்ளைகளே, புற்றுக்குள் போங்கள். முத்துவாப்பா வருகிறார். தெரியாமல் மிதித்துவிடுவார்."

சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வந்தபோதும் ஓர் எறும்பு ஏறக்குறைய இப்படித்தான் சொன்னது. நபி புன்னகைத்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள். இதைக் கேட்ட தென்மிதவூர் ஜமாஅத் அழுதேவிட்டது. ஏழு ஊருக்கும் ஒரே அமீரைத் தேடிக்கொண்டிருந்த ஆலோசனைச் சபை, "வரும் வெள்ளிக்கிழமை வடமிதவூர் எறும்புகளையும் கேட்போம். அதன்பின் முடிவு" என்று அறிவித்தது.

சதக்கு லெப்பை தன் மாளிகை முற்றத்துப் புற்றில் கருவியை வைத்துக் கேட்டார்.

"வடக்கே செத்த வண்டு. மழை வரும்."

அவ்வளவுதான். ஒரு மூட்டை சீனியைக் கொட்டிவிட்டு மறுபடி கேட்டார்.

"சீனி. சீனி. சீனி."

"எங்க காக்கா ஒரு சிட்டிகை சீனிகூடப் போட்டதில்லையே" என்றாள் செய்யிதம்மாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"காக்கா, காக்கா! ஒன் காக்கா என்ன வலியுல்லாவா, பெரிய மகானா?"

"நானா சொன்னேன்? எறும்புல்ல சொல்லுது!"

அன்றே காவல்படைக்கு லாடம் அடித்த பூட்சு வந்தது. காலையும் மாலையும் அமீர் முன்னே நடக்க, படை பின்னே நடந்தது. முற்றத்தில்தான் நடை.

"அமீர் வாப்பா, புத்து மேலயே போகுது நம்ம வழி" என்று படைத்தலைவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"போவட்டும்டா. அப்பத்தான் பேரு மறக்காது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சபையும் ஏழு ஊர்க்காரர்களும் முற்றத்து ஓரம் கூடினார்கள். முத்துவாப்பாவும் வந்திருந்தார். சதக்கு லெப்பை படையோடு கம்பீரமாக நடந்து வந்து புற்றருகே நின்றார். கருவி கனைத்தது.

"பிள்ளைகளே, புற்றுக்குள் ஓடுங்கள். சதக்கு லெப்பையும் படையும் வருகிறார்கள்."

பெயர் வந்துவிட்டது! சதக்கு லெப்பைக்கு உச்சி குளிர்ந்தது. மீசையைத் தடவியபடி மச்சானைத் தேடித் திரும்பினார். கருவி இன்னும் முடிக்கவில்லை.

"தெரிந்தே மிதிப்பார்."

சபைத் தலைவர் சதக்கின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். கூட்டத்தின் கடைசியில் முத்துவாப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

'செருப்பைக் கழற்றணும் என்று இவனுக்கு மட்டும் எப்படித்தான் தோன்றுகிறதோ!' என்று சதக்கு லெப்பைக்கு வயிறு எரிந்தது. எரிச்சலில் காலை ஓங்கித் தரையில் உதைத்தார். காலடியில் இருந்தது புற்று.

கருவி அடங்கிப்போனது. பேச அங்கே ஆள் இல்லை.