ஏழாம் நேர்காணல்

லோறன்ஸ் கடைசியாகச் செய்த சாதாரண வேலை, தாள்களுக்கு ஸ்ரேப்ளர் கம்பி அடித்ததுதான். காலை ஏழு மணிக்குக் குசினிக்குள் கதிரையைப் போட்டு அமர்ந்து, மடியிலிருந்த கட்டிலிருந்து நான்கு நான்கு தாளாக எடுத்து, முழங்காலில் தட்டிச் சேர்த்து, மூலையில் ஒரு கம்பி அடித்தான். வலை இழுத்துத் தடித்த விரல்களுக்கு அந்தச் சின்னச் சாமான் அடங்கவில்லை. இரண்டு தாளைக் கிழித்தும் விட்டான்.

"ஆம்பிளை செய்யிற வேலையைப் பார்!" என்றாள் அவனுடைய தாய் திரேசம்மா, அடுப்புக்கு முன்னால் இருந்தபடி. "பெண்சாதிக்குக் கடதாசி கட்டிக் குடுக்கிறார் துரை!"

"அம்மா, இருபத்துநாலு செற் இருக்கு. உங்களுக்கும் ஒண்டு தரட்டோ? கேள்விக்குப் பதில் எழுதுங்கோ."

"எனக்கேன் அந்த நாசம்? பிள்ளை பெற வக்கில்லை, பட்டம் பெறப் போறாவாம் நாற்பது வயதில..."

அன்ரோனெற் தேநீரை ஆற்றிக்கொண்டு நின்றாள். இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. பதினாறு வருடமாக இதே குசினியில், இதே குரலில் கேட்டு வருகிறாள்.

அவள் நானாட்டான் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெண். பிரதேச செயலகத்தில் உத்தியோகம். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் மூன்று படகு வைத்திருந்த சம்மாட்டியார் அமிர்தநாயகத்தின் தம்பியைக் கட்டி வந்தவள். அண்ணனின் வீடு, அண்ணனின் படகு. லோறன்ஸ் அதில் தொழிலாளி. இதற்கு நடுவில் அவள் வெள்ளிக்கிழமைதோறும் கந்தோர் முடிந்து பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், சனியும் ஞாயிறும் நிறுவன உளவியலில் முதுமாணிப் படிப்புப் படித்தாள். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மனிதர் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு. வீட்டில் உளவியல் என்றாலே பைத்தியம்தான்; அதற்கு 'விசர்ப் படிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வேலை செய்யிற இடத்தில ஆக்கள் ஏன் சண்டை பிடிக்கினம் எண்டு படிக்கக் கொழும்புக்குப் போகோணுமே?" என்பாள் அமிர்தநாயகத்தின் மனைவி கிறேஸ். "எங்கட வாசல்ல ஒரு கிழமை நிண்டா சும்மா பாக்கலாம்!"

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்த வீட்டில் கிறேஸின் பகிடிக்குக் கிறேஸைவிடப் பெரிய ரசிகர் இல்லை.

ஆபத்து என்று தெரிந்தும் தொழிலாளர்கள் அதை மேலே இருப்பவரிடம் ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் அன்ரோனெற்றின் ஆய்வு. வங்கியையும் ஆஸ்பத்திரியையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், உங்களுக்குத் தெரிந்த இடத்தை எடுங்கள் என்றார் அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியை மங்கையற்கரசி. அவள் படகுகளை எடுத்தாள். லோறன்ஸ் கம்பி அடித்தது அதற்கான கேள்விகளுக்கும் சம்மதப் படிவங்களுக்கும்தான்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அவன் கடலுக்குப் புறப்பட்டான். படலையைத் தாண்டி நாலடி போனதும், அன்ரோனெற் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ... ஸ்ரேப்ளரை எங்க வச்சனீங்கள்?"

அவன் திரும்பினான். "கதிரைக்குக் கீழ!" என்று கத்தினான். சிரித்தான். போனான்.

கடலுக்குப் போகிறவனை அந்த வீட்டில் யாரும் பின்னால் கூப்பிட மாட்டார்கள். அன்ரோனெற்றுக்கு அது தெரியும். ஆனால் வயலில் பிறந்த உடம்பு, மறந்துவிட்டது. முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த திரேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

அமிர்தநாயகத்தின் படகில் போனது இரண்டு பேர், லோறன்ஸும் கூடத் தொழில் செய்யும் சிங்கராசாவும். மறுநாள் காலையில் வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த சிங்கராசாவை வேறு படகுக்காரர் தூக்கி வந்தார்கள். கவிழ்ந்த படகு அதற்கு அடுத்த நாள் கரை ஒதுங்கியது. லோறன்ஸ் நாலாம் நாள், முள்ளிக்குளத்துக்குக் கிட்ட.

"எஞ்சின் கழண்டு போச்சு... அலை அடிச்சது..." சிங்கராசா எல்லோருக்கும் சொன்னது அவ்வளவுதான்.

மூடிய பெட்டிக்கு முன்னால் திரேசம்மா மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "பின்னால கூப்பிட்டவளே! என்ர பிள்ளையைப் பின்னால கூப்பிட்டு அனுப்பினவளே! என்னத்துக்கடி கூப்பிட்டனி? கடதாசிக்குக் கம்பி அடிக்கிற சாமானுக்கோ? அதுக்கோடி என்ர பிள்ளை?"

வந்திருந்த சனம் முழுக்க அன்ரோனெற்றைத் திரும்பிப் பார்த்தது. அமிர்தநாயகம் நிலத்தைப் பார்த்தான். தம்பியை இழந்த துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்ல மனிதர்களுக்கு எதையும் நல்லதாக நினைப்பது எவ்வளவு சுகம்!

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே இல்லை. 'பின்னால கூப்பிட்டவள்' என்றால் அவள்தான். படகு தள்ளும் நேரத்தில் முன்வாசலுக்கு வரக்கூடாது. கடலுக்குப் போகும் சோற்றைத் தொடக்கூடாது. அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அவளிடம் என்ன இருந்தது? இரவும் பகலும் அவளுடைய மனமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்...?

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, ஓகஸ்ட் மாதத்தில் அவள் அந்தத் தாள் கட்டை மறுபடி எடுத்தாள். அவன் கையால் அடித்த கம்பிகள். அவற்றை வீணாக விட அவளால் முடியவில்லை.

"புருசன் செத்து மூண்டு மாசம் முழுசா ஆகேல்லை, கடதாசியும் கையுமா ஆம்பிளையளைத் தேடிப் போறா பாருங்கோ மாமி!" என்றாள் கிறேஸ்.

ஊர் வாசிகசாலையில் அவள் ஆறு பேரிடம் பேசினாள். ஆறு பேரும் தங்கள் சம்மாட்டிமார் தங்கமான மனிதர்கள் என்றார்கள். ஏழாவதாகச் சிங்கராசா தானாகவே வந்தான். படிவத்தில் கையெழுத்து வைத்தான். ஒலிப்பதிவுக்கு வைத்திருந்த போனையே பார்த்தான்.

"அக்கா, நான் சொன்னது ஆருக்கும் தெரியவருமோ?"

"வராது. பிறகு வேண்டாம் எண்டாலும் சொல்லலாம், அழிச்சுப்போடுவன். அதுதான் அந்தக் கடதாசியில எழுதியிருக்கு."

அவன் சொன்னான். அமிர்தநாயகத்தின் படகுகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை அந்தோனியார் திருநாளில் பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மந்திரித்த படகுக்கு அடுத்த திருநாள் வரைக்கும் யாரும் குறை சொல்லக்கூடாது. அது புனிதரைச் சந்தேகிப்பது மாதிரி. சம்மாட்டியார் வைத்த சட்டம். அந்தப் படகில் எஞ்சின் பூட்டும் பலகை ஒரு மாதமாக வெடித்திருந்தது. தண்ணீர் ஊறி உள்ளே நைந்தும் போயிருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

"அண்டைக்குக் கரையில வச்சு லோறன்ஸண்ணன்தான் வாயைத் திறந்தவர். 'அண்ணன், பலகை தாங்காது, இண்டைக்கு விடுவம்' எண்டார். சம்மாட்டியார் என்ன சொன்னவர் தெரியுமோ? 'மந்திரிச்ச படகுக்குக் குறை சொல்லுறவன் என்ர படகில ஏறத் தேவையில்லை. சிங்கராசா தனியப் போவான்' எண்டார். நான் தனியப் போறதோ? அதாலதான் அண்ணனும் ஏறினவர்..."

அன்ரோனெற் கேள்வித் தாளை மேசையில் வைத்தாள். "அப்ப... நான் பின்னால கூப்பிட்டது?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர் அக்கா. 'கதிரைக்குக் கீழ கிடக்கிற சாமானைக் கதிரையில இருந்துகொண்டே தேடுறாள்' எண்டார். சந்தோசமாத்தான் வந்தவர்."

அன்றுதான் அவள் மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். சிங்கராசாவும் அழுதான். எழும்பும்போது கையெடுத்துக் கும்பிட்டான். "இது வெளியில போனா எனக்கு இந்தக் கரையில ஏறுறதுக்கு ஒரு படகும் இராது அக்கா..."

"போகாது," என்றாள்.

வழிகாட்டி என்பதால் பேராசிரியைக்கு மட்டும் அவள் அதைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அவர் வாசித்துவிட்டு, "இதுதான் உங்கள் ஆய்வு, மற்ற எல்லாம் இதற்குத் துணைதான்" என்றார். பெயரை மாற்றினால் போதும் என்றும் சொன்னார். ஆனால் அந்தக் கரையில் அந்த வருடம் கவிழ்ந்தது ஒரே படகு. அதிலிருந்து தப்பியது ஒரே மனிதன். பெயரை மாற்றி யாரை ஏமாற்றுவது? இரண்டு கிழமையில் சிங்கராசாவும் படலைக்கு வெளியே நின்று, "அக்கா, அதை எடுத்துப்போடுங்கோ" என்றான். அவள் ஒலிப்பதிவை அழித்தாள். தட்டச்சு செய்த தாள்களை அடுப்பில் போட்டாள். அவளைக் குற்றமற்றவள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. அதே அடுப்பில் மாமிக்குக் கஞ்சியும் வைத்தாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. ஆய்வேடு போதாது, திருத்தி ஆறு மாதத்தில் மறுபடி கொடுக்க வேண்டும்.

கடிதத்தைப் பிரித்துப் படித்தது கிறேஸ். அன்று மாலைக்குள் தாழ்வுபாடு முழுக்கப் படித்துவிட்டது.

ஜூன் மாதம் திருநாள் வந்தது. கரை ஒதுங்கிய படகுக்கு அமிர்தநாயகம் புதுப் பலகை போட்டு, நீலப் பெயின்ற் அடித்து, மந்திரிப்பதற்கு நிறுத்தியிருந்தான். காலையில் தொழிலாளர் எல்லோரும் முற்றத்தில் இருந்து அப்பம் சாப்பிட்டார்கள். அன்ரோனெற் உள்ளேயிருந்து கோப்பைகளை எடுத்து வந்தாள்.

"அங்கயே நில்!" என்றாள் திரேசம்மா. "இண்டைக்குப் படகு மந்திரிக்கிற நாள். உன்ர முகம் வேண்டாம்."

"விடுங்கோ மாமி," என்றாள் கிறேஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ இப்ப பெரிய ஆள்! எங்கட ஆக்களின்ர மண்டைக்குள்ள என்ன இருக்கெண்டு தேடித் தேடி, கடைசியில அவவின்ர மண்டைக்குள்ள ஒண்டுமில்லையெண்டு கொழும்பு ஆக்கள் எழுதி அனுப்பியிருக்கினம். பெயில்! புருசனையும் விழுங்கி, படிப்பையும் விழுங்கி..."

சிலர் சிரித்தார்கள். அமிர்தநாயகமும் மீசைக்குள் சிரித்தான்.

சிங்கராசா சாப்பாட்டுத் தட்டை நிலத்தில் வைத்தான். எழும்பினான்.

"கிறேஸக்கா, அவ பெயில் விட்டது என்னால."

"நீ என்னடா உளறுறாய்?"

"நான் சொன்னதை எழுதியிருந்தா அவ பாஸ். எழுத வேண்டாம் எண்டு நான்தான் கெஞ்சினனான். எனக்குச் சம்மாட்டியாரிட்டப் பயம்." அவன் அமிர்தநாயகத்தைப் பார்த்தான். "பலகை வெடிச்சிருக்கெண்டு லோறன்ஸண்ணன் உங்களுக்குச் சொன்னவரோ இல்லையோ? இந்தக் கரையில நிண்டு சொன்னவரோ இல்லையோ? ஏறத் தேவையில்லை எண்டு நீங்கள் சொன்னியளோ இல்லையோ?"

மற்றவர்களும் தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

"அமிர்தம்..." என்றாள் திரேசம்மா. "இவன் சொல்லுறது உண்மையோ?"

"அம்மா, சுவாமியார் வாற நேரம். இப்ப இந்தக் கதை..."

"நான் சுவாமியாரைக் கேக்கேல்லை. உண்மையோ?"

அவன் மறுபடி நிலத்தைப் பார்த்தான். இந்தத் தடவை யாரும் அதைத் துக்கம் என்று நினைக்கவில்லை.

திரேசம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு... உனக்கு இது எப்ப தெரியும்?"

"பத்து மாசம், மாமி."

"பத்து மாசமோ! நான் உன்னை எத்தனை பேச்சுப் பேசினன்... எத்தனை சாபம் போட்டன்... ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பனே! ஏனடி சொல்லேல்லை?"

"சொல்லமாட்டன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன், மாமி."

"என்ர அம்மா...!" திரேசம்மா பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கோப்பைகள் விழுந்து உடைந்தன. "என்ர பிள்ளை உன்னை எனக்குத் தந்திட்டுப் போனானே... நான் உன்னை நாயைப் போல நடத்தினனே... என்னை மன்னியடி, என்ர ராசாத்தி!" அன்ரோனெற்றும் அந்த மெலிந்த தோளில் முகம் புதைத்து அழுதாள். ஒரு வருடமாக இருவரும் ஒரே மனிதனுக்காகத் தனித்தனியே அழுதிருந்தார்கள். அன்றுதான் சேர்ந்து அழுதார்கள்.

அமிர்தநாயகம் தொண்டையைச் செருமினான். "நடந்தது நடந்துபோச்சு. நீ இந்த வீட்டிலேயே இரு, அன்ரோனெற். வெளியில மட்டும் இதை... உன்ர அந்தப் புத்தகத்தில..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அவள் அத்தானை, புருசனின் அண்ணனை, நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

"பயப்படாதேங்கோ அத்தான். அதில உங்களைப்பற்றி ஒரு வரியும் வராது. பயத்தில வாயை மூடினவங்களைப் பற்றித்தான் நான் எழுதுறன். அவங்கள் மனுசர்."

கிறேஸ் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவளிடம் பகிடி இருக்கவில்லை.

சுவாமியார் வந்தார், படகை மந்திரித்தார். சிங்கராசா அதில் ஏறவில்லை. கொண்டச்சிப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். போவதற்கு முன் வாசிகசாலைக்கு வந்து, இரண்டாம் தடவையும் படிவத்தில் கையெழுத்து வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். அந்தத் தடவை போனைப் பார்க்கவே இல்லை. பலகை வெடித்தது தெரிந்தும் தொழிலாளர் பயந்து வாய் திறக்காததை அவள் எழுதினாள்; அத்தானைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுடைய ஆய்வேடு திறமைச் சித்தியோடு ஏற்கப்பட்டது.

அவள் நானாட்டானில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரேசம்மா படலை வரை வந்து கையைப் பிடித்து, "போகாதை" என்றாள். "போறன் மாமி. நீங்கள் வாங்கோ, எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ" என்று அவள் முத்தம் கொடுத்துவிட்டு நடந்தாள். கிழவி மாதத்தில் இரண்டு ஞாயிறு கருவாட்டுப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அமிர்தநாயகம் வந்ததில்லை. வா என்று அவனை அங்கு யாரும் கேட்டதும் இல்லை.

அடுத்த வருடம் தன் வாக்காளர் பதிவை நானாட்டானுக்கு மாற்றுவதற்கு அவள் தாழ்வுபாட்டுக் கிராம சேவகரிடம் போனாள். அவர் வாக்காளர் இடாப்பைத் திருப்பிக் காட்டினார். அந்த வீட்டு இலக்கத்துக்கு நேரே லோறன்ஸின் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய பெயர். செத்தவனையும் போனவளையும் யாரும் வெட்டியிருக்கவில்லை.