அடிப்போர்வை

குளிர வேண்டிய முதுகு குளிரவில்லை.

கண்ணைத் திறக்காமலேயே வார்டன் அதைக் கவனித்தாள். உண்மையில் அவள் நர்ஸ்தான். வீட்டிலும் அதட்டல் குறையாததால் தம்பி வைத்த பெயர் வார்டன். படுத்ததிலிருந்து தோளிலும் இடுப்பிலும் யாரோ பனிக்கட்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. இப்போது அதே இடங்களில் கதகதப்பு. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடியில் செருகிவிட்டதுபோல இதமாக இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை.

அக்காளும் தம்பியும் படுத்திருந்தது தங்கள் வீட்டு மொட்டை மாடியில். எப்போதோ கூரை போடலாமென்று நட்டு, அப்படியே விட்டுவிட்ட இரும்புத் தூண்களில் இரண்டு தொங்கு படுக்கைகளைக் கட்டியிருந்தார்கள். நண்பர்களோடு காட்டுக்குப் போய் மரத்துக்கு மரம் இப்படிக் கட்டித் தூங்க வேண்டுமென்று தம்பி துடித்துக்கொண்டிருந்தான். நிமோனியாவில் படுத்து, போன உயிர் திரும்பி வந்த உடம்பு. இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் அந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் வார்டன் நிபந்தனை போட்டாள். முதலில் ஒரு ராத்திரி மாடியில் படுக்க வேண்டும். காலையில் ஒரு இருமல் கேட்டாலும் காடு கிடையாது.

சாமான் வாங்கவும் அவளே கூடப் போனாள்.

"தரையில படுத்தா கீழ தரை இருக்கு. இதுல கீழ வெறும் காத்துதான் மேடம்," என்றார் கடைக்காரர். "எவ்வளவு தடியா ஸ்லீப்பிங் பேக் வாங்கினாலும் உங்க வெயிட்ல அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிடும். நசுங்கின பஞ்சு சூட்டைப் பிடிக்காது. அதான் இன்னொரு போர்வைய வெளிய, படுக்கைக்கு அடியில தொங்க விடறது. அடிப்போர்வை."

"அதாவது தூளிக்கு ஜட்டி போடணும்ங்கறீங்க," என்றான் தம்பி.

"வாய மூடுடா குச்சி."

கடையில் இருந்தது ஒரே ஒரு அடிப்போர்வை. அது தம்பிக்கு. தனக்கு இருப்பதிலேயே தடியான ஸ்லீப்பிங் பேக் போதும் என்றுவிட்டாள். "ஒரு ஃபோம் பாயாவது எடுத்துக்கங்க" என்று கடைக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை நைட் டூட்டி பார்த்த உடம்பு! அந்த வீம்பின் பலனைத்தான் இவ்வளவு நேரமும் முதுகு அனுபவித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் இந்தச் சூடு?

பாவிப் பயல், தன் போர்வையை அவிழ்த்து அவளுக்குக் கட்டிவிட்டான்.

"டேய் குச்சி! உன் போர்வைய எனக்கு எதுக்குடா கட்டின? கிறுக்கா உனக்கு?"

பக்கத்துப் படுக்கையிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "என்ன வார்டன் உளர்றே? என்னோடது இங்கதான் இருக்கு. சரியா ஒட்டல போல... முதுகு ஜில்லுங்குது."

கீழே போகலாம் வா என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் போர்வை அவனிடமே என்றால், தன் முதுகில் ஒட்டியிருப்பது எது?

தண்ணீர்த் தொட்டிக் குழாய் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. புது நைலான் மணத்துக்குள், நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் அறையில் மட்டும் அடிக்கும் ஒரு புளித்த வாடை மெல்லக் கலந்து வந்தது. தலைமாட்டுக் கயிறோ, ஓர் இலைகூட ஆடாத அந்த அமைதியில், யாரோ பொறுமையாக இழுத்து இழுத்து விடுவதுபோல் சீராகக் கிறீச்சிட்டு ஓய்ந்து மறுபடி கிறீச்சிட்டது.

தன் மூச்சில்தான் கயிறு அசைகிறது என்று நினைத்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

கயிறு நிற்கவில்லை.

முதுகோடு ஒட்டிய சூடு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் ஒரு கரகரப்பு. விடியுமுன் படுக்கை காலியாகப்போகிற நோயாளிகளிடம் அவள் கேட்டிருக்கும் கரகரப்பு. நடுவே ஒரு துணி. ஒரே ஒரு துணி.

அசையக் கூடாது.

அசையவில்லை.

சட்டென்று முதுகு குளிர்ந்தது. எலும்புவரை ஏறிய அந்தக் குளிர் அவளுக்கு அமிர்தமாக இருந்தது. போய்விட்டது. கடவுளே, போய்விட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்பாடா..." என்றான் தம்பி. "இப்பதான் கதகதன்னு இருக்கு. நீயா சரி பண்ணினே? தேங்க்ஸ் வார்டன்."

"டேய்." குரல் காற்றாகத்தான் வந்தது. "டேய், இறங்குடா. குதிச்சிடு."

"கொஞ்ச நேரம்க்கா... நல்லா இருக்கு."

ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பை இழுத்தாள். துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. மறுபடி இழுத்தாள். வரவில்லை. தலைமாட்டில் தடவி ஃபோனை எடுத்து வெளிச்சத்தைத் திருப்பினாள்.

தம்பி சிரித்த முகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் போர்வை தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து கனத்தது. அதற்குள் ஒரு தோள் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. ஏறி இறங்கும் மார்பும் தெரிந்தது. படுக்கையின் இரண்டு ஓரங்களிலும் கீழிருந்து விரல்கள் எழும்பியிருந்தன. நீளமான, வெளிறிய விரல்கள். குழந்தையைக் குளிருக்கு மூடுவதுபோல அவை துணியின் இரு விளிம்புகளையும் அவன் முகத்துக்கு மேலே இழுத்து, மெல்ல, மிக மெல்ல, ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தன.